செர்மூவின் இங்கிலீஷ்

மூங்கில் குருத்தை நறுக்கிக்கொண்டே என் மனைவி யாரோ ஆண்பிள்ளைகளின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சார்லி. மைக். ஆஸ்கர். ரோமியோ. விக்டர். ஒவ்வொரு பெயருக்கும் கத்தி ஒரு முறை பலகையில் இறங்கியது. நான் கதவருகே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கோழி ஆலையின் குளிர் அறையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்ததில் காது அடைத்துப்போய் ஏதோ தப்பாகக் கேட்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடியும் அதே வரிசை வந்தது. ரோமியோவை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

"சார்லி யாரு?" என்றேன்.

"சி," என்றாள்.

"சியா?"

"சி எழுத்து. ரேடியோவில சி சொன்னா பி மாதிரியும் கேக்கும், டி மாதிரியும் கேக்கும். அதனால சார்லின்னு சொல்லணும்."

"அப்ப ரோமியோ?"

"உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே ரூத் அப்பா, கண்டுபிடிங்க. முதல்ல போய்க் கை கழுவுங்க, கோழி நாத்தம் அடிக்குது."

இந்த ஊரில் பர்மாவிலிருந்து வந்த கரேன் குடும்பங்கள் முப்பத்திரண்டு. அத்தனைக்கும் வாய் நான்தான். யாருக்காவது பல் வலித்தால் டாக்டரிடம் அந்த வலியைச் சொல்வது நான். பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தால் படித்துச் சொல்வது நான். பிரசவ அறையில் நர்ஸ் 'இப்ப முக்கு' என்று சொன்னால், திரைக்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றபடி அதைக் கரேனில் கத்துவதும் நான்தான். என் பெயர் லேவா, ஆனால் என்னைவிட மூத்தவர்கள்கூட என்னைத் 'தரா' என்பார்கள். எங்கள் மொழியில் வாத்தியார். நான் யாருக்கும் பாடம் எடுத்தவன் இல்லை. தாய்லாந்து எல்லையில் முகாமில் கிடந்த பதினாறு வருஷத்தில், அட்டை போன ஓர் இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஏழு முறை எழுதிப் பார்த்தவன், அவ்வளவுதான். இங்கிலீஷ்காரன் ஒருவனை நேரில் பார்ப்பதற்கு முன்பே செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றத் தெரிந்துகொண்டவன். மெல்போர்ன் விமான நிலையத்தில் வந்து இறங்கியதும் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் புரியவில்லை. "இது இங்கிலீஷ் இல்ல, வேற ஏதோ பாஷை" என்று செர்மூவிடம் சொன்னேன். அவள் நம்பினாள். தரை ஈரம், வழுக்கும் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். நாலு எட்டு வைப்பதற்குள் விழுந்தேன்.

வந்த புதிதில் செர்மூ வீட்டில் இங்கிலீஷ் பேசிப் பார்ப்பாள். சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று ஒரு வாக்கியத்தை எடுத்து விடுவாள். 'நேத்து நான் கடைக்குப் போறேன்' என்பாள். 'போனேன்' என்பேன். 'ரெண்டு முட்டை உடைஞ்சான்' என்பாள். 'உடைந்தன' என்பேன். அப்படித்தானே படித்தோம், தப்பு வந்தால் அந்த இடத்திலேயே கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர் விட்டுவிடும் என்று. ஓர் ஆறு மாதம் இப்படி நடந்தது. பிறகு அவள் இங்கிலீஷை எடுப்பதே இல்லை. அவளுக்கு மொழி வராது, எல்லாருக்கும் எல்லாம் வருமா என்று நான் முடிவு செய்துகொண்டேன். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்து 'எங்கே வலிக்கிறது' என்று கேட்பார். பதில் என் வாயிலிருந்து வரும். ஒன்பது வருஷம் அவள் வயிற்றுவலி, அவள் மூட்டுவலி, ஆலையில் அவளுக்கு வந்த கைமரப்பு எல்லாவற்றையும் நான்தான் இலக்கணச் சுத்தமாகச் சொல்லியிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். பல்லாரட் நகரத்தில் நர்ஸ் படிப்புப் படிக்கிற எங்கள் மகள் ரூத் ஒருமுறை லீவுக்கு வந்தபோது, "அம்மாவைப் பேச விடுங்கப்பா" என்றாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஊர் கிழடு தட்டிக்கொண்டிருந்தது. பையன்களும் பெண்களும் நகரத்துக்குப் போய்விட, ஊரின் தன்னார்வத் தீயணைப்பு வண்டிக்கு ஆள் இல்லாமல் போனது. அந்த வண்டியை ஓட்டுபவள் டோனா. காலையும் மாலையும் பள்ளிக்கூட பஸ்ஸையும் அவள்தான் ஓட்டுகிறாள். ஒருநாள் மதியம் ஆலையின் சாப்பாட்டு அறைக்கு வந்து நாற்காலி மேல் ஏறி நின்றாள். தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்று அவள் புருஷனே சொல்லும் பெண். பத்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினாள். நான் அதைக் கரேனில் இரண்டு நிமிஷத்தில் சொன்னேன்: அறுவடைக் காலத்தில் வயல் தீப்பிடிக்கும், அணைக்க ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது. யாரும் அசையவில்லை. கையைத் தூக்கியது என் மனைவி ஒருத்திதான். நாற்பத்து மூன்று வயது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "உனக்கு இங்கிலீஷ் தெரியாதே?"

"தண்ணி அடிக்கிறதுக்கு எதுக்கு இங்கிலீஷ்?"

"பரீட்சை இருக்கும். எழுதணும். நான் கூட வர்றேன், மொழிபெயர்க்க."

"வேணாம். மெர்வ் வாயால கேட்டுக்கறேன்னு சொல்லிட்டாரு."

"எந்த மொழியில சொன்னாரு?"

அவள் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு முடியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள்.

மெர்வ்தான் தீயணைப்புப் படையின் தலைவர். அறுபத்தெட்டு வயது, மூன்று தலைமுறையாகக் கோதுமை போடும் குடும்பம். அவருடைய ஒரு காது டிராக்டர் இரைச்சலிலேயே செவிடாகிவிட்டது. எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் செர்மூ அவரிடம் பயிற்சிக்குப் போனாள். அங்கே என்ன நடந்தது என்று வெகு காலம் கழித்து டோனா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெர்வ் ஒரு பொருளைக் கையில் கொடுத்து அதன் பெயரைச் சொல்வாராம். செர்மூ திருப்பிச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் அவருக்குக் கேட்காது. "என்ன?" என்பார். சத்தமாகச் சொல்லியாக வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அந்த மனுஷரிடம் பேசவே முடியாது. குழாயின் நுனியில் தண்ணீர் பீய்ச்சும் பித்தளை முனைக்கு இவர்கள் 'கிளை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் ஏழு பிரதி இலக்கணத்தில் அது எங்கேயும் இல்லை. செர்மூ அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெட்டவெளியில் 'கிளை, கிளை' என்று கத்தியிருக்கிறாள். வண்டியில் உட்கார்ந்தாலோ பக்கத்தில் டோனா. அவளுடைய மாமியார் கதை, மாடு கதை, தம்பியின் விவாகரத்து எல்லாம் அரை நாள் ஓடும். ஒருவரிடம் பேசக் கற்றாள், இன்னொருத்தியிடம் கேட்கக் கற்றாள். இரண்டு பேருமே தாங்கள் ஒரு மொழியைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று நினைக்கவில்லை.

இதொன்றும் தெரியாமல்தான் ஜூலையில் ஃபுட்பால் கிளப்பில் படையினரின் குடும்பச் சாப்பாட்டுக்குப் போனேன். பொரித்த மீன், உருளைக்கிழங்கு, வாய் நிறையச் சிரிப்பு. மெர்வின் மனைவி ஜாய்ஸ் செர்மூவிடம் ஏதோ கேட்டாள். செர்மூ இங்கிலீஷில், நான் பக்கத்தில் இருக்கும்போதே, ஒரு வாக்கியம் சொன்னாள்: "போன வாரம் நாங்க எல்லாக் குழாயும் சுருட்டுச்சு."

"சுருட்டினோம்," என்றேன்.

ஓர் அனிச்சைதான். இருமல் மாதிரி வந்துவிட்டது. ஜாய்ஸ் உப்புக் குப்பியை எடுத்து அதே இடத்தில் வைத்தாள். டோனா மட்டும் உருளைக்கிழங்கை மென்றபடி என்னைப் பார்த்தாள்.

"நாங்களும் 'நாங்க சுருட்டுச்சு'ன்னுதான் சொல்லுவோம், லேவா. எங்கப்பன், பாட்டன் எல்லாரும் அப்படித்தான். இப்ப என்னங்கற?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். செர்மூ சிரிக்கவில்லை. காரில் ஏறிப் பாதி தூரம் வந்தபின், சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் பேசும்போது அவங்க நான் என்ன சொல்றேன்னு பாக்கறாங்க. நீங்க என் வாயைப் பாக்கறீங்க."

"நல்லதுக்குத்தானே சொன்னேன்."

"தெரியும்," என்றாள். அந்த 'தெரியும்' எனக்குப் பல நாள் காதில் நின்றது.

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை. காலையிலிருந்தே வடக்குக் காற்று, அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி. ஊரில் பாதிப் பேர் பருப்பு அறுவடையில் இருந்தார்கள். இந்தியக் கடைகளில் மைசூர்ப் பருப்பு என்று விற்கிறார்களே, அதே சிவப்புப் பருப்பு. அறுக்கும்போது எழும் தூசி எண்ணெய் மாதிரி எரியும். இயந்திரத்தின் சூடான புகைக்குழாயில் கொஞ்சம் படிந்தால் போதும். மதியம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். புளிச்சக்கீரையும் கருவாடும். செர்மூ இரண்டாவது கவளத்தை எடுக்கும்போது அவள் இடுப்பில் இருந்த தீயணைப்புப் படையின் அழைப்புக் கருவி கத்தியது. அதைப் பார்த்தாள், சோற்றைத் தட்டில் போட்டாள், கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் ஓடினாள். ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தேன். புகை பழுப்பாக, சாய்ந்து நின்றது.

தட்டை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வீட்டில் சும்மா நடந்தேன். பிறகு முடியாமல் தீயணைப்புக் கொட்டகைக்குப் போனேன். வண்டி போயிருந்தது. உள்ளே ஜாய்ஸ் மட்டும், ரேடியோ முன்னால் மூக்குக் கண்ணாடியோடு, நீல நோட்டில் நேரத்தையும் செய்தியையும் எழுதிக்கொண்டிருந்தாள். உட்கார் என்று நாற்காலியைக் காலால் தள்ளினாள். வண்டியில் மூன்றே பேர், டோனா, மெர்வ், செர்மூ. மற்ற ஆண்கள் அவரவர் வயலிலிருந்து தண்ணீர்த் தொட்டி ஏற்றிய பிக்கப் வண்டிகளோடு நேராகத் தீக்குப் போய்விட்டார்கள். வடக்குக் காற்றில் தீ தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்க விளிம்பை வரிசையாக நின்று அணைத்துக்கொண்டிருந்தார்கள். மெர்வின் குரல் ரேடியோவில் சீராக வந்தது. தண்ணீர் எவ்வளவு, வேலி எங்கே, யார் யார் எங்கே. நடு நடுவே இருமல். ஒவ்வோர் இருமலுக்கும் ஜாய்ஸின் பேனா ஒரு நொடி நின்று போனது.

"பம்ப்பை எடுத்துட்டுப் போனாரான்னு தெரியல," என்றாள் என்னிடம். மெர்வின் ஆஸ்துமாவுக்கான பம்ப்.

பிறகு ஒரு நீண்ட இருமல். பாதி வாக்கியத்தில் அறுந்தது. ரேடியோ இரைந்தது. ஜாய்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "மெர்வ்," என்றாள், ரேடியோவில் அல்ல, அறையைப் பார்த்து.

"கொட்டகை, இது டேங்கர் ஒண்ணு," என்றது ஒரு பெண் குரல். "மெர்வ் இருமுது. பேச முடியல. உயிரோட இருக்கு. பம்ப் இருக்கு. இப்ப நான் பேசறேன்."

ஜாய்ஸ் மூச்சை விட்டாள். "டோனாவா அது? இல்லையே. யாருப்பா?"

எனக்கும் ஒரு கணம் தெரியவில்லை. பத்தொன்பது வருஷம் பக்கத்தில் படுத்துத் தூங்கியவளின் குரல். இவ்வளவு உரக்க, இவ்வளவு நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் மேஜை மேல் வைப்பது போல அவள் பேசி நான் கேட்டதில்லை.

"என் வீட்டுக்காரி," என்றேன்.

அடுத்த கால் மணி நேரம் செர்மூதான் பேசினாள். வரைபடக் கட்டம் சார்லி அறுபத்து நாலு என்றாள். தண்ணீர் பாதி என்றாள். டோனா வண்டியை ஓட்ட, மெர்வ் பின்னால் பம்பை வாயில் வைத்துக்கொண்டு கையால் சைகை காட்ட, இவள் ஒரு கையில் மைக்கோடு முன் சீட்டில் இருந்திருக்கிறாள். முதல் வாக்கியத்தில் இரண்டு தப்பு என்று என் மனம் எண்ணியது. இரண்டாவதில் ஒன்று. 'இருக்கார்' என்று என் உதடு தானாக அசைந்திருக்க வேண்டும், ஜாய்ஸ் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். அவள் நோட்டைப் பார்த்தேன். செர்மூ சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள். 'மெர்வ் இருமுது. உயிரோட இருக்கு.' திருத்தவில்லை.

மாலைக்குள் காற்று தென்மேற்குக்குத் திரும்பும் என்று எல்லாருக்கும் தெரியும். எத்தனை மணிக்கு என்பதுதான் யாருக்கும் தெரியாது. திரும்பினால், இதுவரை பக்கவாட்டில் கிடந்த அந்த நீண்ட கிழக்கு விளிம்பு முழுவதும் தீயின் முகமாகிவிடும். இந்தப் பகுதியில் தீயில் செத்தவர்களில் பலபேர் அந்த நேரத்தில் செத்தவர்கள். கொட்டகைச் சுவரில் மூன்று பெயர்கள் இருக்கின்றன.

"எல்லாரும் கேளு," என்றாள் செர்மூ. "தென்மேற்கில மண்ணு எந்திரிக்குது. செவுரு மாதிரி. காத்து மாறுது. இப்ப. கிழக்குப் பக்கம் எல்லாரும் கறுப்புக்குள்ள போ. கறுப்புக்குள்ள போ. கறுப்புக்குள்ள போ."

கறுப்பு என்றால் எரிந்து முடிந்த தரை. தீக்கு அங்கே தின்ன ஒன்றும் மிச்சம் இருக்காது. விளிம்பைத் தாண்டி அதற்குள் வண்டியை விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

"ஒவ்வொரு ஆளும் பேர் சொல்லு. போயாச்சுன்னு சொல்லு."

ஒரு குரல் பெயர் சொன்னது, போயாச்சு. இன்னொன்று, போயாச்சு. மூன்றாவது டேரில். அறுபது வயது, மெர்வின் பக்கத்து நிலத்துக்காரர், யார் சொல்லியும் எதையும் செய்யாத ஆள் என்று ஊருக்கே தெரியும்.

"ஆமா, இல்ல, நான் பாத்துக்கறேன்ம்மா," என்றார். "இந்த மூலை மட்டும் அணைச்சிட்டு..."

இந்த ஊர்க்காரர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். 'ஆமா, இல்ல' என்றால் இல்லை. 'இல்ல, ஆமா' என்றால் ஆமாம். 'ஆமா, இல்ல, ஆமா' என்றால் அவர்களுக்கே தெரியாது. ஒன்பது வருஷமாக நான் அதைக் கேட்டு, புரிந்தது போலத் தலையாட்டி வந்திருக்கிறேன்.

"டேரில்," என்றாள் செர்மூ. "ஆமாவா, இல்லையா. ஒண்ணு சொல்லு."

இரைச்சல்.

"டேரில். நான் உன் வண்டி பாக்குது. உனக்குப் பின்னாடி காஞ்ச வைக்கோல் தாளு. நான் காத்திட்டிருக்கேன்."

"சரிம்மா. சரி." அவர் குரல் மாறியிருந்தது. அவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். "ஆமா. போறேன்."

"போயிட்டு மறுபடி சொல்லு."

ஜாய்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. கொட்டகையின் தகரக் கூரை ஒரு முறை தூக்கி அடங்கியது. எங்களுக்கும் காற்று மாறிவிட்டது. ரேடியோவில் யாரோ ஒருவர் பொத்தானை அழுத்திப் பேச முயன்றார். பேச்சு வரவில்லை, தீயின் சத்தம் மட்டும் வந்தது. சரக்கு ரயில் போகும் சத்தம்.

"உள்ள இருக்கேன்," என்றார் டேரில். "கறுப்புல இருக்கேன்."

"கேட்டுச்சு," என்றாள் செர்மூ.

அதன் பிறகு பதினோரு நிமிஷம் எதுவும் வரவில்லை. ஜாய்ஸின் நோட்டில் அந்த இடத்தில் வெறும் வரிகள் இருக்கின்றன. நான் கர்த்தரை வேண்டினேன், கரேனில். பிறகு செர்மூ எல்லாரையும் பெயர் சொல்லச் சொன்னாள். எல்லாரும் சொன்னார்கள். மெர்வும் கடைசியில் தவளைக் குரலில் தன் பெயரைச் சொன்னார், அது தேவையே இல்லை. ஜாய்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கிழட்டு முட்டாள்" என்று சொல்லியபடி எழுந்து கெட்டிலைப் போட்டாள்.

வெயில் சாய்வதற்கு முன் வண்டி திரும்பியது. ஓர் அறுவடை இயந்திரம், ஒரு வைக்கோல் கொட்டகை, நானூறு ஹெக்டேர் பருப்பும் தாளும் போயிருந்தன. ஆள் யாரும் போகவில்லை. செர்மூ மஞ்சள் உடுப்போடு இறங்கினாள். கண்ணைச் சுற்றி மட்டும் தோல் தெரிந்தது. பின்னாலேயே டேரிலின் பிக்கப் வந்து நின்றது. அவர் புருவம் கருகி, முகம் வேகவைத்த நண்டு மாதிரி இருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் எதிரே வந்து நின்றார்.

"என் பொண்டாட்டிகூட என்னை அப்படி அதட்டினதில்ல," என்றார்.

செர்மூ அவரைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். நான் இருப்பது தெரிந்தது அவளுக்கு. வழக்கம்போல வாய் மூடப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உன் பொண்டாட்டிகிட்ட ரேடியோ இல்ல," என்றாள், இங்கிலீஷில், உரக்க.

டோனா வண்டியின் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மெர்வ் சிரிக்கப் போய் இருமினார், ஜாய்ஸ் துண்டால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அந்த வாக்கியத்தில் ஏதாவது தப்பு இருந்ததா என்று எனக்கு இன்று வரை நினைவில்லை.

வீட்டில் அவள் குளித்துவிட்டு வந்து மூடிவைத்த அதே தட்டை எடுத்துச் சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்தேன். கேட்க வேண்டியது நிறைய இருந்தது. எல்லாம் கேள்வியாக வரவில்லை, ஒன்றுதான் வந்தது.

"என்கிட்ட மட்டும் ஏன் இங்கிலீஷ்ல பேச மாட்டேங்கற?"

"உங்ககிட்ட பேச எனக்குக் கரேன் இருக்கே," என்றாள். கருவாட்டின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அதைச் சிரித்துச் சொன்னாளா, சிரிக்காமல் சொன்னாளா என்று சொல்லத் தெரியவில்லை. அவள் முகம் முழுவதும் களைப்பாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. நாங்கள் சர்ச்சுக்குப் போகவில்லை. எரிந்த நிலத்தில் வேலிக் கம்பங்கள் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும், காற்று எழுந்தால் மறுபடி பிடிக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்து அணைக்க வேண்டும் என்று ஆள் கூப்பிட்டிருந்தார்கள். நானும் வருகிறேன் என்றேன். செர்மூ பின் சீட்டில் கிடந்த பையை நகர்த்தி இடம் பண்ணினாள். அங்கே போனதும் டோனா என் முதுகில் இருபது லிட்டர் தண்ணீர்ப் பையை மாட்டி, கைப்பம்பைக் கையில் திணித்து, "அவ சொல்ற எடத்துல அடி" என்றாள். வானம் கழுவின மாதிரி இருந்தது. தரை கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு, நடக்க நடக்க கால்சட்டையில் சாம்பல் ஏறியது. தூரத்தில் வேலிக்கு அப்பால் எரியாத தாளில் ஆடுகள் ஒரே திசையைப் பார்த்து நின்றன.

செர்மூ எனக்கு முன்னால் பத்தடி தள்ளிப் போனாள். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தாள். ஒவ்வொரு கம்பத்தின் அருகிலும் நின்று, புறங்கையை அதன் பக்கம் கொண்டுபோய், தொடாமல், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் பிடித்துப் பார்த்தாள். 'ஆறிப்போச்சு' என்று இங்கிலீஷில் கத்தினாள், டோனாவுக்குக் கேட்க. அடுத்த கம்பம். 'ஆறிப்போச்சு.' அடுத்தது. 'ஆறிப்போச்சு.' பத்துப் பதினைந்து கம்பங்கள் அப்படிப் போயின. நான் அவள் பின்னால் நடந்தேன். பிறகு ஒன்றின் முன் அதிக நேரம் நின்றாள். கையை மேலே, கீழே, மறுபடி மேலே கொண்டுபோனாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இது சூடு," என்றாள் இங்கிலீஷில். "லேவா. இங்க. நெறைய."

நான் பம்பை அழுத்தினேன். கம்பம் சீறியது. அதன் நடுவிலிருந்த பிளவு வழியாக வெள்ளையாக ஆவி கிளம்பி, எங்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நடுவே நேராக மேலே போனது. காற்றே இல்லை. "இன்னும்," என்றாள். மறுபடி அழுத்தினேன்.